எல்லை தாண்டும் வரை

“உங்க மலைக்குக் கடல் தண்ணி வராதில்ல?”

அருணா மேடம் போனில் இப்படிக் கேட்டபோது செவ்வந்தி சென்னையில், கடலைப் பார்த்த ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், வெளியே பூட்டுப் போட்ட வீட்டுக்குள் இருந்தாள். மேடத்தின் மாமனார் கோபால்சாமியின் வாயிலிருந்து சளியை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுங்கியிருந்தது. பூமி ஆடி இரண்டரை மணி நேரம் கழித்து வந்த முதல் போன் அது. முதல் கேள்வியும் அதுதான். பெரியவர் எப்படி இருக்கிறார் என்று இல்லை. நீ இருக்கிறாயா செத்தாயா என்று இல்லை. கடல் எவ்வளவு தூரம் ஏறும், அதற்கு மேலே எங்கே போய் உட்காரலாம், அவ்வளவுதான்.

“வராதுங்க மேடம்” என்று செவ்வந்தி சொன்னாள்.

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் அவளுக்கு அருவருப்பாக இருக்கும். கேட்டவள் மேல் பாதி. அந்த நேரத்திலும் ‘ங்க’ போட்டுப் பதில் சொன்ன தன் வாய் மேல் மீதிப் பாதி.

அது நடந்து பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. இன்றைக்கு அவர்கள் மலைக்கு வருகிறார்கள். கடலுக்குப் பயந்து இல்லை. செவ்வந்தியைப் பார்க்க.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, இருபத்தேழு வீடுகள் உள்ள ஊர் அது. அம்மா ஜெயம்மாள் விடியும் முன்பே எழுந்து புதுச் சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை விழும் சத்தத்திலேயே அவள் மனதில் ஏதோ திட்டம் ஓடுவது செவ்வந்திக்குத் தெரிந்தது.

“எத்தினி பேரு வர்றாங்க?”

“மூணு பேரு. மேடம், சாரு, அப்பறம் சாரோட தங்கச்சி.”

“மஸ்கட்ல கீதே, அந்தப் பொண்ணா?”

“ஆமா. ரேணுகாதேவி மேடம்.”

“மூணு பேருக்கும் சோறு போட்டுடணும்” என்றாள் ஜெயம்மாள். “ஒர்த்தர் விடாம.”

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் ஒருவர் சாப்பிட்டுவிட்டால், அவர் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டும் வரை அந்த வீட்டார் அவருடைய குறையை வாயில் எடுக்கக் கூடாது. அவர் காதில் விழாவிட்டாலும் கூடாது, அடுப்போடு முணுமுணுத்தாலும் கூடாது. ராஜாக்கண்ணு என்று ஒருவர், தன் மைத்துனனோடு எல்லைத் தகராறில் ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர். ஒரு மழைநாளில் அந்த மைத்துனனே நனைந்து வந்து நின்றபோது ராஜாக்கண்ணுவின் பெண்சாதி ஒரு வட்டில் களி போட்டுவிட்டாள். ராஜாக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விருந்தாளி கிளம்பியதும் பின்னாலேயே கொட்டும் மழையில் எல்லைக்கல் வரை நடந்து, அவன் கால் அந்தப்பக்கம் பட்டதும் ஏழு வருஷத்து வசவையும் ஒரே மூச்சில் வைதார். ஊரில் யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. சட்டப்படிதானே வைதார்.

ஜெயம்மாளின் திட்டம் அதுதான். மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டால் மகளின் வாய் கட்டுப்பட்டுவிடும். வாய் கட்டுப்பட்டால் வம்பு இல்லை.

வம்பு என்னவென்றால், அருணா மேடம் நேற்று சாயந்திரம் போன் செய்திருந்தாள்.

“செவ்வந்தி, ரேணு உன்ன பாத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அப்பாவோட கடைசி நேரத்த உன் வாயால கேக்கணுமாம். நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? பூமி ஆடுச்சு, நான் மாமா கைய புடிச்சிக்கிட்டேன், அடுத்த நிமிஷம் மூச்சு நின்னு போச்சு. வேற ஒண்ணும் வேணாம். பூட்டு கீட்டுன்னு பேசாத.”

செவ்வந்தி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

“இருக்கியா? பாரு, மாத்திச் சொன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. நோயாளிய பாத்துக்க வெச்ச ஆளு நீ. கடைசியில பக்கத்துல இருந்தது நீ. கேள்வி கேட்டா உன்னத்தான் கேப்பாங்க. நல்ல பொண்ணுதானே நீ? புடவை எடுத்து வெச்சிருக்கேன்.”

போனை வைத்ததும் செவ்வந்தி பின்பக்கம் போய் முகத்தைக் கழுவினாள். காதையும் கழுவினாள்.

என்ன நடந்தது என்பது அவளுக்கும், அவள் திரும்பி வந்த அன்றே எல்லாவற்றையும் கொட்டிவிட்டதால் அம்மாவுக்கும் மட்டும்தான் முழுசாகத் தெரியும்.

அன்றைக்குக் காலை பத்தே முக்கால் இருக்கும். தாத்தாவுக்கு, அவள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள், வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். பேச்சு கிடையாது. இடதுகை மட்டும் கொஞ்சம் அசையும். கட்டில் தானாக நகர்ந்தது. சுவரில் இருந்த கடவுள் படங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து திரும்பின. மலையில் பாறைக்கு வெடி வைத்தால் வரும் அதிர்ச்சி போல முதலில் தோன்றியது. வெடி என்றால் ஒன்றோடு நிற்கும். இது நிற்கவில்லை. கண்ணாடி அலமாரி கவிழ்ந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி உடைந்து ஜன்னல் வழியாக அருவி மாதிரி கொட்டியது. வங்கக்கடலுக்குள் எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி பூமி வெடித்தது என்று பிற்பாடு சொன்னார்கள். ஜன்னலில் தெரிந்த கடல் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளை போல மினுங்கிக்கொண்டிருந்தது.

அருணா மேடம் படுக்கையறையிலிருந்து ஓடிவந்தாள். ஒரு கையில் நாய்க்குட்டி, இன்னொரு கையில் நகைப் பை. கதவைத் திறந்து ஓடினாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கியது. பிறகு நின்றது. பிறகு திரும்பி ஏறி வந்தது.

நம்மைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று செவ்வந்தி நினைத்தாள். தாத்தாவின் அக்குளில் கை கொடுத்து நிமிர்த்திக்கூட உட்கார வைத்தாள். தேக்குக் கதவு மூடும் சத்தம் கேட்டது. அதற்கு வெளியே இரும்புக் கிரில் இழுபடும் சத்தம். பிறகு பூட்டு, ‘டக்’.

பால் வாங்கக் கீழே போனாலும், கோயிலுக்குப் போனாலும், நாயை நடத்திக்கொண்டு போனாலும் மேடம் அந்தப் பூட்டைப் போடுவாள். வேலைக்காரப் பெண் எதையாவது தூக்கிக்கொண்டு போய்விடுவாளாம். பூமியே பிளந்தாலும் அந்தக் கை பூட்டை மறக்காது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

கரண்ட் போயிற்று. சளி உறிஞ்சும் மெஷின் நின்றது. கீழே ரோட்டில் சாக்கடை மூடிகள் எகிறி, கறுப்புத் தண்ணீர் பொங்கியது. மத்தியானம் வாக்கில் கடல் உள்வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து ரோடு வரைக்கும் திரும்பி வந்தது. நீல அலை இல்லை. ஊர் இத்தனை காலம் கடலுக்குள் என்னென்ன கொட்டியதோ அதையெல்லாம் கடல் மொத்தமாக வாந்தி எடுத்தது போல ஒரு கருஞ்சேறு. அதில் தெர்மாகோல், குழந்தைகள் கட்டும் பேம்பர்ஸ், வீங்கிய எலி, வெள்ளை வயிறு காட்டும் மீன். நாற்றம் ஒன்பது மாடி ஏறி வந்தது. எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் நாலைந்து பேர் நின்று, அந்தச் சேறு பின்னால் தெரிகிற மாதிரி செல்பி எடுத்தார்கள். எடுக்கும்போது முகத்தைப் பயந்த மாதிரி வைத்துக்கொண்டார்கள். எடுத்து முடிந்ததும் படம் நன்றாக வந்ததா என்று பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மேடத்தின் போன் வந்தது. மேடமும், ஆபீசிலிருந்து வந்து அவளை ஏற்றிக்கொண்ட சாரும் ஸ்ரீபெரும்புதூரில் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் தண்ணி வராதில்ல என்று கேட்டுவிட்டு, போனைப் புருஷனிடம் கொடுத்தாள்.

“சார், தாத்தாவுக்கு சளி கட்டிக்கிச்சு சார். மெஷின் ஓடல. பூட்டு போட்டிருக்கு. யாரயாச்சும் கூப்ட்டு உடைக்கச் சொல்லட்டுங்களா?”

கோகுல்ராஜ் சார் கொஞ்சம் யோசித்தார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாத குரல் அவருக்கு. “வேணாம்மா. பூட்ட உடைக்க வேணாம். பில்டிங்ல ஒருத்தரும் இல்ல, கதவு தொறந்து கிடந்தா என்ன ஆகும்? அப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வை. நாங்க வந்துடறோம்.”

அவர்கள் வண்டியைத் திருப்பவில்லை. வேலூர் போய்ச் சேர்ந்து ஒரு ஓட்டலில் அறை எடுத்தார்கள்.

போன் வைத்துக் கால்மணி நேரம் இருக்கும். கிரில்லுக்கு வெளியே யாரோ தட்டினார்கள். ஏழாவது மாடியில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த ஆள். கதவில் இருந்த சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தாள். கையில் சுத்தி.

“உள்ள யாராச்சும் கீறீங்களா?”

“நானும் ஒரு தாத்தாவும் கீறோம். நீங்க யாருங்க?”

“கண்ணாயிரம். கணியம்பாடிப் பக்கம். உன் பேச்சப் பாத்தா நம்மூரு மாதிரி கீது. ஒடைக்கட்டுமா பாப்பா? இந்தப் பூட்டுக்கு ரெண்டு அடி போதும்.”

செவ்வந்தி ஒரு நொடி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “வேணாங்க. சாரு வேணாம்னாரு.”

“அவுரு எங்க கீறாரு?”

“வந்துனு கீறாங்க.”

கண்ணாயிரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அந்தச் செருப்புச் சத்தம் திரும்பி வரவில்லை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் தாத்தா போய்விட்டார். ஒரே நொடியில் போகவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தொண்டையில் கொப்பளிக்கும் சத்தம் தாங்காமல் நடுவில் செவ்வந்தி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே வந்தபோது தாத்தாவின் இடதுகை படுக்கையில் அவள் உட்காரும் இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு வாட்ச்மேன் அர்ச்சுனன் வந்து இரும்புக் கம்பியால் பூட்டை நெம்பினான். மறுநாள் மேடமும் சாரும் வந்தார்கள். பிணவறையில் இடமில்லை என்று அன்றைக்கே எரித்துவிட்டார்கள். விமான நிலையம் மூடியிருந்ததால் மகளால் வந்து முகம் பார்க்க முடியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் மேடம் அழுதுகொண்டே கதை சொன்னாள். முதலில், கையைப் பிடித்துக்கொண்டேன் என்றாள். அடுத்தவரிடம், மடியில் போட்டுக்கொண்டேன் என்றாள். மூன்றாம் நாள், மாமா என்னை ‘அருணா’ன்னு கூப்பிட்டார் என்றாள். இரண்டு வருஷமாக ஒரு சொல் பேசாத மனுஷன். சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த செவ்வந்தி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நான்காம் நாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறியவள்தான்.

கார் பதினோரு மணிக்கு வந்தது. ஊருக்குள் வராது என்று எல்லைக்கல்லுக்கு இந்தப்பக்கம் ஆலமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். வளைவுகளில் வாந்தி எடுத்த அருணா மேடம் அதன் மேல் செண்டு அடித்திருந்தாள். அந்த இரண்டு வாசனையும் கலந்து அவளுக்கு முன்னால் வந்தது. களத்தில் பாய் விரித்துச் சாமை காயப் போட்டிருந்தார்கள். சுற்றிப் போக வழி இருந்தது. மேடம் செருப்புக் காலோடு அதன் மேலேயே நடந்து வந்தாள்.

ஜெயம்மாளின் உதடு ஒருதரம் துடித்தது. அடக்கிக்கொண்டு, “வாங்க, வாங்க. பாத்து வாங்க” என்றாள்.

பக்கத்து வீட்டு சாந்தம்மாள் வேலியோரம் வந்து நின்றுகொண்டாள். எதையும் தனக்கே நடந்ததாகச் சொல்பவள். “பூமி ஆட்ன அன்னிக்கி எங்க வூட்ல கூட சொம்பு கிணுகிணுன்னு ஆடுச்சி” என்றாள் வந்தவர்களிடம். யாரும் கேட்கவில்லை.

ரேணுகாதேவியை செவ்வந்தி நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமைதோறும் போன் திரையில் பார்த்திருக்கிறாள். தாத்தாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு இவள்தான் நிற்பாள். மகள் முகம் தெரிந்ததும் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். ரேணுகாதேவி சாமைப் பாயைச் சுற்றிக்கொண்டு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, செவ்வந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளை அப்படியே பார்த்தாள். இந்த விரல்கள்தானே கடைசியில் அப்பாவைத் தொட்டவை என்பது போல. செவ்வந்திக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

“மொதல்ல சாப்டுங்க” என்றாள் ஜெயம்மாள், யாரையும் வாய் திறக்க விடாமல். “பேச்செல்லாம் அப்பறம்.”

பாய் போட்டு மூன்று தட்டு வைத்தாள். புதுச் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, புளித்துவையல். ஆவி பறந்தது. கோகுல்ராஜ் சார் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரேணுகாதேவியும் உட்கார்ந்தாள். மேடம் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து கையில் சானிடைசர் தடவிக்கொண்டிருந்தாள். பாத்திரங்களைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். மண்தரையில் ஊர்ந்த எறும்பைப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே முந்தானை போனது.

“எனக்கு வேணாம்மா. வயிறு சரியில்ல.”

“ஒரு வாய்மா.”

“இல்லம்மா, எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது.”

“வெளியா? வூட்ல ஆக்கினதும்மா இது. காலையில குத்தின சாமை.” ஜெயம்மாளின் குரல் கெஞ்சலுக்கு இறங்கியது. “எங்கூர்ல ஒரு வழக்கம் கீதும்மா. நம்ம வூட்ல சாப்ட்டவங்கள எல்லக்கல்லு தாண்டற வரிக்கும் ஒரு கொறயும் சொல்ல மாட்டோம். சாமி குத்தம். அதுக்காச்சும் ஒரு வாய் சாப்டுங்க.”

சொல்லக்கூடாத அளவுக்குச் சொல்லிவிட்டாள். அம்மா இதற்கு மேல் எப்படித்தான் சொல்ல முடியும்? செவ்வந்திக்கு அம்மாவைப் பார்க்கவும் கசப்பாக இருந்தது. பொய்க்கு இவ்வளவு அழகாக இலை போட்டு அழைக்கிறாளே.

கோகுல்ராஜ் சார் சிரித்தார். “அப்படியா? நல்ல சட்டமா இருக்கே. அப்ப எனக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க.”

அவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார். ரேணுகாதேவி சோற்றை வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தாள். ஆனாலும் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் உண்டாள். அருணா மேடம் தான் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைத் திறந்து, அதன் வாயைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, ரெண்டு மடக்குக் குடித்தாள். அவள் அந்த வீட்டில் வாயில் வைத்தது அவள் ஊர்த் தண்ணீர் மட்டும்தான்.

ஜெயம்மாள் அடுப்பங்கரை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“சொல்லு செவ்வந்தி” என்றாள் ரேணுகாதேவி. “அப்பா எப்படிப் போனாரு?”

“நான்தான் சொன்னேனே ரேணு” என்று மேடம் முந்திக்கொண்டாள். “மாமா கைய இப்படிப் புடிச்சிக்கிட்டு...”

“அண்ணி, நீங்க சொன்னத நிறைய தடவை கேட்டுட்டேன். அவ சொல்லட்டும்.”

செவ்வந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்நிய ஆட்கள் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அறியாதவள். பள்ளிக்கூடத்தை விட்டதே எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துப் போவதால்தான். மேடம் கண்ணால் மிரட்டுவது குனிந்திருந்த தலைக்கும் தெரிந்தது. செண்டு வாசனை. வாந்தி வாசனை. அதற்கும் அடியில், ஒன்பதாவது மாடிக்கு ஏறிவந்த அந்தச் சேற்றின் நாற்றம் மறுபடி மூக்கில் ஏறியது. இதை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் நானும் அந்தச் சாக்கடைதான் என்று தோன்றியது.

“மேடம் எங்ககூட இல்லீங்க” என்றாள்.

ரேணுகாதேவி அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆட்னதும் நாய எட்த்துனு ஓட்னாங்க. அப்பறம் திரும்பி வந்தாங்க. எங்கள இட்னு போக வர்றாங்கன்னு நெனச்சேன். கிரில்ல பூட்டிக்கினு போய்ட்டாங்க.”

“ஏய்!” என்று மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். “யாரு பூட்டினது? அது பழக்க தோஷத்துல... அந்த நேரத்துல எனக்கு என்ன தெரியும்? திருடன் வருவான்னு...”

பேச்சு அவளே வைத்த கண்ணியில் போய் விழுந்தது. பாதியில் நிறுத்தினாள்.

“எத்தன மணிக்குப் போனாரு?” ரேணுகாதேவியின் குரல் மிக மெதுவாக வந்தது.

“மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடிங்க.”

“பத்தே முக்காலுக்கு ஆடுச்சு. மூணு மணி வரைக்கும் இருந்தாரா?”

“இருந்தாருங்க. கரண்ட் இல்ல, மெஷின் ஓடல. கையாலதான் எட்த்தேன். முடியல. நடுவுல சத்தம் தாங்காம நான் பாத்ரூமுக்குள்ள போய் நின்னுட்டேன். வந்து பாத்தா கையால என்னத் தேடினு இருந்தாரு. கடைசியில பக்கத்துலதான் இருந்தேன். உங்க பேரச் சொன்னேன் அவரு காதுல. கேட்டுச்சான்னு தெரியாதுங்க.”

ரேணுகாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். செவ்வந்தி நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உண்மையை வைத்துக்கொண்டு நிற்பது, பாதி வாந்தியை விழுங்கியது போல இருந்தது.

“ஒர்த்தர் சுத்தியோட வந்தாருங்க. டைல்ஸ் வேல செய்றவரு. பூட்ட ஒடைக்கட்டுமான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னுட்டேன்.”

அதைக் கேட்டதும் அருணா மேடத்தின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. “பாத்தியா ரேணு? பாத்தியா? உடைக்க வந்தவன இவளே தொரத்தியிருக்கா! மெஷின் ஓடல, மூச்சுத் திணறுது, கதவ உடைக்க ஆள் வந்து நிக்கறான், வேணாம்னு சொல்லியிருக்கா! நான் பூட்டினேன், சரி, தப்புதான். ஆனா கொன்னது யாரு? அதக் கேளு!” அவள் குரலில் நிம்மதி நுரைத்துக்கொண்டு பொங்கியது. அழுக ஆரம்பித்த பழத்தை அமுக்கினால் வரும் நுரை மாதிரி.

வேலியோரத்து சாந்தம்மாள் “அய்யோ பாவி” என்றாள், யாரைச் சொல்கிறாள் என்று தெரியாமல்.

ரேணுகாதேவி கண்ணைத் திறந்தாள். “ஏன் செவ்வந்தி? ஏன் வேணாம்னே?”

செவ்வந்தி தலையை நிமிர்த்திக் கோகுல்ராஜ் சாரைப் பார்த்தாள்.

அவர் இன்னும் தட்டுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். கை காய்ந்துபோயிருந்தது. ஒரு வார்த்தை போதும். நான்தான் சொன்னேன் என்று அவர் சொல்லிவிட்டால் போதும். அவர் பார்வை கவிழ்ந்து சட்டைப் பைக்குப் போனது. இடதுகையால் போனை எடுத்து, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார். அவர் கம்பெனி சிக்னல் மலையில் அந்த மூலையில் எடுக்காது. வந்ததிலிருந்தே இல்லை. ஆனாலும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அம்மா அடுப்பங்கரை வாசலில் எழுந்து நின்றுவிட்டாள். கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றாள். சாமி குத்தம். சாப்பிட்டவர் குறை. செவ்வந்திக்கு அந்த வழக்கத்தை மீற மனம் வரவில்லை. பிறந்ததிலிருந்து நாக்கில் ஊறியது. மீறவில்லை என்றால் அந்தச் சாவு முழுசாக அவள் தலையில்தான். ரேணுகாதேவி சாகும் வரைக்கும் இந்த முகத்தைத்தான் நினைத்துக்கொள்வாள், சுத்தியை வேண்டாம் என்று சொன்ன முகம். விரல் சூப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருத்தது. அருணா மேடத்தின் மேல் வந்த அருவருப்பு வேறு. அது குப்பையைப் பார்த்தால் வருவது. இது, நல்ல சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோகும்போது உள்ளே நெளிவதைப் பார்த்தால் வருவது.

“சொல்லு” என்றாள் ரேணுகாதேவி. “உனக்கா தோணி வேணாம்னு சொன்னியா? இல்ல யாராவது சொன்னாங்களா?”

செவ்வந்தி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“சாரு எங்க வூட்ல சாப்ட்டுட்டாருங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். ஜெயம்மாள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

மேடத்துக்குப் புரியவில்லை. “என்ன உளர்றா இவ? சாப்ட்டா என்ன? ஏங்க, என்ன சொல்றா?”

ரேணுகாதேவிக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் அது மெதுவாக இறங்குவதை செவ்வந்தி பார்த்தாள். முதலில் ஜெயம்மாளைத் திரும்பிப் பார்த்தாள், சோறு போடும்போது சொன்ன சட்டம் அதுதானா என்று கேட்பது போல. ஜெயம்மாள் தலை குனிந்தாள். பிறகு அண்ணனின் தட்டைப் பார்த்தாள். வழித்துத் துடைத்தாற்போல் சுத்தமாக இருந்த தட்டு. கடைசியாகத்தான் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

“ரேணு” என்றார் கோகுல்ராஜ். “அன்னிக்கு இருந்த பதட்டத்துல... நெட்வொர்க் வேற சரியா இல்ல. ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்னே எனக்கு... அப்பா பொருள் எல்லாம் உள்ள இருந்துச்சு இல்லையா? நீயே யோசிச்சுப் பாரு. திரும்பத்தான் நெனச்சோம். போலீஸ்காரங்க வண்டியத் திருப்ப விடல. கேட்டுப் பாரு அருணாவ.”

“ஆமா ரேணு, விடவே இல்ல” என்றாள் மேடம் உடனே.

வாக்கியத்துக்கு வாக்கியம் அவர் குரல் இனிமையாகிக்கொண்டே போயிற்று. செவ்வந்தி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பொறுக்க முடியவில்லை. குற்றம் சொன்னால்தானே வழக்கத்துக்குத் தப்பு? அவரே தன் வாயால் அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார், துணி துணியாக, மண்தரையில்.

ரேணுகாதேவி எழுந்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தொட்டித் தண்ணீரில் கழுவி, கவிழ்த்து வைத்தாள். ஜெயம்மாள் “அய்யோ, நீங்க ஏம்மா” என்று ஓடினாள். அதற்குள் வேலை முடிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு செவ்வந்தியின் அருகில் வந்து நின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள், அல்லது அடிக்கப் போகிறாள் என்று செவ்வந்தி நினைத்தாள். கன்னத்தில் ஒருதரம் கையை வைத்து எடுத்தாள், சில்லென்ற ஈரக்கை.

“ரேணு, கார்ல உக்காந்து பேசலாம்” என்றார் கோகுல்ராஜ். கை கழுவாமலே எழுந்து பின்னால் வந்தார். “இவங்க முன்னாடியெல்லாம் வேணாம். ரேணு!”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். சாமைப் பாயை ஒட்டிச் சுற்றி நடந்தாள். ஆலமரத்தடியில் கார் நின்றது. அண்ணன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கதவுக்கு இந்தப்பக்கமாக அவள் நடந்துகொண்டே இருந்தாள். எல்லைக்கல்லைத் தாண்டினாள். ஜமுனாமரத்தூர் போகும் மண்பாதை அங்கேயிருந்து நாலு கிலோமீட்டர், வழியெல்லாம் மேடு. அண்ணியின் கூப்பாடு ஊரையே வெளியே கொண்டுவந்து நிறுத்தியது. ரேணுகாதேவி யாரையும் திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், மேட்டில் ஏறி அந்தப்பக்கம் இறங்கிப் போனாள்.